அழுத்த அறைக் கட்டுரையின் முதல் மேற்கோள்

மாமா,

என் மேசைமேல் கிடக்கும் இந்தத் தாள்களில் கருவாட்டு வாடை அடிக்கிறது. காலையிலிருந்து நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். ஒரு பெண் மட்டும் துணிந்து, "சார், மதியத்துக்கு நெத்திலியா?" என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். முதல் தாளின் ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல் அப்படியே பதிந்து ஊறியிருக்கிறது. புதிதாக அச்செடுத்துக்கொண்டு இதைக் குப்பையில் போட்டுவிடலாம்தான். மனசு வரவில்லை.

உங்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. உங்கள் கட்டுரைக்கு மேற்கோள் வந்துவிட்டது. உங்கள் கட்டுரை என்கிறேனே தவிர, அதை எழுதியவர்கள் நீங்கள் வேலை பார்த்த படையின் மருத்துவர்கள். அவர்கள் சோதித்துப் பார்த்த உடம்புகளில் ஒன்று உங்களுடையது, அவ்வளவுதான். ஆனாலும் நம் இருவருக்குள் அது என்றைக்கும் உங்கள் கட்டுரையாகவே இருந்தது. உலகத்தில் எங்காவது ஓர் ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையில் அதை எடுத்துக்காட்ட மாட்டாரா என்று மாதாமாதம் காத்துக் கிடந்தீர்கள். நீங்கள் இல்லாமல் போன பிறகு எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கிறது. நானும் அப்படி நினைத்துத்தான் அக்காவிடம் ஓடினேன்.

சிதம்பரத்தில் நூலக அறிவியல் துறையில் நாம் இரண்டு பேரும் பகுதி நேர ஆய்வு மாணவர்களாக ஒரே கைடிடம் சேர்ந்த நாள் ஞாபகம் வருகிறது. நான் லால்பேட்டைக்காரன், சிதம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் நூலகன். நீங்கள் தேவனாம்பட்டினத்துக்காரர், படையில் முக்குளிப்பாளராக இருந்தவர். காதில் கோளாறு வந்ததும் தண்ணீரிலிருந்து எடுத்து முகாம் நூலகத்தில் உட்கார வைத்துவிட்டார்களாம். அங்கே புத்தகத்துக்கு எண் போட ஆரம்பித்தவர், அஞ்சல் வழியில் பட்டத்தின் மேல் பட்டமாக வாங்கி, ஓய்வு பெற்று வந்து கடலூரில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் ஆராய்ச்சி வரைக்கும் வந்து நின்றீர்கள். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் மாமா என்று கூப்பிட்டேன். நீங்கள் உடனே மச்சான் என்றீர்கள். டீக்கடைக்காரர் ஒரு நாள், லால்பேட்டை பாய்க்கும் பட்டினத்துக்காரருக்கும் எப்படி இந்த உறவு என்று கேட்டார். "இவன் அக்காவத்தான் நான் கட்டியிருக்கேன்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னீர்கள். பாவம், அந்த மனிதர் கொஞ்ச நாள் அதை நம்பிக்கொண்டு நம் இருவரையும் மரியாதையாகவே நடத்தினார். அப்படித்தான் உங்கள் வீட்டம்மா எனக்கு அக்கா ஆனார்.

நம் துறையில் தலைப்பு எப்படிக் கிடைக்கும் என்று வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுவது போல கைடு வரிசையாக ஊற்றிக்கொண்டு போவார். முந்திரி பற்றிய ஆராய்ச்சிகளை எண்ணு, பலாவைப் பற்றி எழுதியதை எண்ணு. எனக்கு அலையாத்திக் காடு விழுந்தது. பிச்சாவரம் இருக்கும் மாவட்டத்திலேயே வளர்ந்தும் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை படகில் போனதோடு சரி. அந்தக் காட்டைப் பற்றி உலகம் எழுதிய கட்டுரைகளை எல்லாம் எண்ணிப் பட்டம் வாங்கினேன். யார் எழுதினார், எந்த ஆண்டில், எந்த இதழில், பிறகு வந்த எத்தனை பேர் அதை எடுத்துக்காட்டினார்கள். அந்தக் கடைசி எண்தான் ஒரு கட்டுரையின் பெறுமதி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது நம் வேலை இல்லை. "படிக்காதீங்க. எண்ணுங்க. படிக்க உக்காந்தீங்கன்னா உங்க பேரன்தான் வந்து தீசிஸ் சப்மிட் பண்ணுவான்" என்பார் கைடு. அவர் கெட்டவர் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்ய முடியும்?

உங்களுக்கு மட்டும் தலைப்பை அவர் ஊற்றவில்லை. நீங்களே கேட்டு வாங்கினீர்கள். நீங்கள் இருந்த படை வெளியிட்ட ஆராய்ச்சிகளும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களும். படையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் அதை 'டிபார்ட்மென்ட்' என்றுதான் சொல்வீர்கள், வெளியாள் முன்னால் முழுப் பெயர் வராது. படை என்றால் குண்டைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும்தான் எழுதுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் பட்டியலை ஓடவிட்டபோது அதில் துருப்பிடிக்காத பூச்சு இருந்தது, பனியில் வெடிக்கும் பாதம் இருந்தது, மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி இருந்தது. சப்பாத்திக்கு ஏகப்பட்ட மேற்கோள். "வெளிய வர்றது இவ்ளோதான் மச்சான். உள்ளயே பூட்டிக் கெடக்கறது இதக் காட்டியும் ஜாஸ்தி. அத யாரு எண்ணுவா?" என்றீர்கள்.

எல்லோரும் பட்டியலை மேலிருந்து பார்ப்பார்கள். மேற்கோள் அதிகமுள்ளவைதான் அட்டவணைக்கு வேண்டும். நீங்கள் அடியிலிருந்து ஆரம்பித்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மேல இருக்கறவன எல்லாரும்தான் பாக்கறாங்க. கீழ யாரு கெடக்கறான்னு பாப்போம்" என்று சொல்லி மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தீர்கள். துறையின் கணினி அறையில் அன்றைக்கு நாம் இரண்டு பேர்தான். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. திடீரென்று உருட்டல் நின்றது. ஒரு தலைப்பைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் படித்தீர்கள். அழுத்த அறையில் பல நாள் தங்கவைக்கப்பட்ட முக்குளிப்பாளர்களின் உடல்நிலை பற்றிய கட்டுரை அது. பழைய இதழ், அப்போதுதான் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள்.

கைடு சொன்னதை மீறி அதைத் திறந்து முழுக்கப் படித்தீர்கள். நடுவில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எழுத்து, வயது, உயரம், எடை. கடைசி வரியில் விரலை வைத்தீர்கள்.

"மச்சான், இது நான்."

"எப்பிடிச் சொல்றீங்க? பேரு இல்லியே."

"ஒயரத்தப் பாரு. என்னக் காட்டியும் குள்ளன் எங்க பேட்ச்ல எவனும் கெடையாது."

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு அந்த அறையைப் பற்றிச் சொன்னீர்கள். இரும்பு உருளை, அதற்குள் அடுக்குப் படுக்கை. கடலுக்கடியில் இருக்கும் அழுத்தத்தை உள்ளே ஏற்றி, சாதாரணக் காற்றுக்குப் பதில் ஹீலியம் கலந்த காற்றைக் கொடுப்பார்களாம். உடனே வெளியே வர முடியாது, அழுத்தத்தை இறக்கவே நாள் கணக்கில் ஆகுமாம். சீட்டாடி, தூங்கி, ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரேக்கு நின்று. ஹீலியத்தில் பேசினால் குரல் வாத்து கத்துவது மாதிரி வருமாம். இரக்கப்பட்ட ஓர் அதிகாரி, புதுசாகக் கல்யாணமானவர் என்று உங்களை மட்டும் உள்ளிருந்தபடியே வீட்டுக்குப் பேசவிட்டாராம். அக்கா அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, எவனோ பொறுக்கி கேலி செய்கிறான் என்று திட்டி போனை வைத்துவிட்டாராம். சொல்லும்போது வாத்துக் குரலிலேயே சொல்லிக் காட்டினீர்கள். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் திரையின் ஓரத்தைப் பார்த்தோம். மேற்கோள்: சைபர்.

நீங்கள் கட்டுரையின் கடைசி வாக்கியத்துக்குப் போய் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஆய்வு நடந்த காலத்தில் எலும்புகளில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஆனால் இத்தகைய பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம் என்பதால் இவர்களைத் தொடர்ந்து கவனிப்பது அவசியம். நேர்மையாக எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு உங்கள் வலது இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டீர்கள். அந்த இடுப்பைப் பற்றி அதற்கு முன் நாம் பேசியதே இல்லை. நீங்கள் மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். முதுமை என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

கடலூர் டாக்டர் உங்களிடம் சொன்னதை அன்றைக்குத்தான் சொன்னீர்கள். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகவில்லை, எலும்பு உள்ளேயே செத்துக்கொண்டு வருகிறது. ஆழத்தில் வேலை செய்தவர்களுக்கு இது வருவதுண்டு. வேறு காரணத்தாலும் வரும். உங்களுக்கு எதனால் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நீங்களும் யாரையும் குறை சொன்னதில்லை. உங்களுக்கு வேண்டியது வேறு.

"ஒருத்தன் இத எடுத்துக்காட்டுனான்னு வையி. அப்ப அவன் இதுக்கு மேல எதையோ தேடறான்னு அர்த்தம். தேடுனா, எங்க பேட்ச்ல மிச்சம் இருக்கறவங்கள கூப்புட்டுப் பாப்பான். எனக்கு மட்டும் இப்பிடியா, எல்லாருக்குமான்னு தெரிஞ்சிடும். சைபர்னா, எழுதி வெச்சிட்டு எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்கன்னு அர்த்தம் மச்சான்."

கூட இருந்தவர்களை நீங்களே தேடிப் பார்த்தீர்கள். காக்கிநாடாவில் இருந்த ஒருவர் கையில் தடி. கேரளத்தில் இருந்த இன்னொருவர் மகள் கல்யாணத்தில் ஆடிய வீடியோவை அனுப்பினார். மற்றவர்கள் அகப்படவில்லை. "ரெண்டு பேர வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது" என்று நீங்களே ஒதுக்கி வைத்துவிட்டீர்கள். ஆராய்ச்சிக்காரன் புத்தி வந்துவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் கோபமாகவும் இருந்தது. ஒரு மனிதன் தன் வலியைக்கூட மாதிரி போதவில்லை என்று தள்ளி வைப்பானா?

அன்று மாலையே என் போனிலும் உங்கள் போனிலும் அந்தக் கட்டுரைக்கு அறிவிப்பு வைத்தோம், யாராவது எடுத்துக்காட்டினால் மின்னஞ்சல் வரும்படி. அது போதாதென்று மாதம் பிறந்தால் எனக்குப் போன் செய்வீர்கள்.

"ஏதாச்சும் வந்துச்சா மச்சான்?"

"சைபர்தான் மாமா."

"சரி வுடு. சங்கரா மீன் வந்திருக்கு, எடுத்து வெக்கச் சொல்லட்டா?"

ஆய்வேட்டில் அந்த ஒரு கட்டுரைக்குத் தனி இயல் எழுத வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்ததும், கைடு தலையில் கை வைத்துக்கொண்டதும் துறைக்கே தெரியும். மேற்கோளே இல்லாத கட்டுரை, எண்ணிக்கை ஆய்வில் அது ஒரு புள்ளி, புள்ளிக்கு யாராவது இயல் எழுதுவார்களா? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதியதை வெட்டி எடுத்தீர்கள். வெட்டிய பிறகு மற்ற இயல்களிலும் உங்களுக்கு மனம் ஓடவில்லை. கேட்டால், "வலி ஜாஸ்தியா இருக்கு, அடுத்த மாசம் பாக்கலாம்" என்பீர்கள். அடுத்த மாசம் வருவதற்குள் ஒரு விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். சுனாமி குடியிருப்பில் உங்கள் வீட்டு வாசலில் நான் வந்து நின்றபோது அக்கா என்னைப் பார்த்து, "ஒன் மாமாவப் பாருடா, படுத்துட்டாரு" என்றார். கடற்கரை வரை கூட்டத்தோடு நடந்தேன். அங்கே எனக்குத் தெரிந்த துஆவை எனக்குள் ஓதிக்கொண்டேன். உங்கள் ஆய்வேடு கடைசி இரண்டு இயல் இல்லாமல் கைடின் அலமாரியில் இருக்கிறது. அறிவிப்பை மட்டும் நான் எடுக்கவில்லை.

போன வாரம் புதுப் புத்தகங்களுக்கு முத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. உங்கள் கட்டுரையின் தலைப்பு, அதற்குக் கீழே புதிய மேற்கோள் ஒன்று என்று ஒரு வரி. கை மையோடு எழுந்து நின்றுவிட்டேன். பல வருஷம் யாரும் சீந்தாமல் கிடந்து திடீரென்று கவனிக்கப்படும் கட்டுரையைப் பற்றி நம் துறையில் பாடமே உண்டு. நம் ஆள் எழுந்துவிட்டார் என்று எனக்குள் ஒரு துள்ளல். ஆழ்கடலில் கூலிக்கு இறங்கும் தொழிலாளிகளைப் பற்றி வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. முதல் பக்கத்தையும் பின்னால் இருக்கும் மேற்கோள் பட்டியலையும் பார்த்தேன். பட்டியலில் உங்கள் கட்டுரை இருந்தது. எனக்கு அது போதும். நாம் அப்படிப் பழகியவர்கள். இருக்கிறதா, இருக்கிறது, ஒன்று. முழுக்க இரண்டு பிரதி அச்செடுத்து, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டு முன்னால் வலையை விரித்து நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்னாடா தம்பி, வேல இல்லியா இன்னைக்கி?" என்றார்.

"அக்கா, மாமாவோட பேப்பர ஒருத்தங்க எடுத்துக்காட்டியிருக்காங்க. வெளிநாட்டு புக்குல."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. மாதாமாதம் நீங்கள் எனக்குப் போன் பேசியதைப் பக்கத்திலிருந்து கேட்டவர் ஆயிற்றே. கையை முந்தானையில் ஒரு தரம் துடைத்துவிட்டுத் தாள்களை வாங்கினார். இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பட்டியலில் உங்கள் கட்டுரை இருக்கும் வரியைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தபடியே கேட்டார்.

"அவரு காலப் பத்தி போட்டிருக்காங்களா?"

"போட்டிருப்பாங்க அக்கா" என்றேன்.

மாமா, வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அக்கா உள்ளே போய் உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு பிரதியை வைத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். "எங்க வூட்டுக்காரரு காலப் பத்தி வெளிநாட்டுல எழுதிட்டாங்க. இனிமே இருக்கறவங்களக் கூப்புட்டுப் பாப்பாங்களாம்" என்று அவர்களிடம் சொன்னார். கூப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று நான் சொல்லவே இல்லை. அது நீங்கள் சொல்லிச் சொல்லி அவர் மனசில் ஏறியது. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு ஊட்டிவிட்டார்.

திரும்பும்போது திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, அக்கா கேட்டதைப் பார்த்து வைப்போம் என்று என் பிரதியைப் பிரித்தேன். அதன் ஓரத்தில் அக்காவின் விரல் பதிந்திருந்தது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. முன்னுரையிலேயே, இரண்டாவது பத்தியில். அழுத்த அறைத் தங்கலால் எலும்புகளுக்குப் பாதிப்பு இல்லை என்று முந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. அடைப்புக்குறிக்குள் வரிசையாகச் சில பட்டியல் எண்கள். அதில் ஓர் எண் உங்களுடையது.

அவ்வளவுதான். கட்டுரை முழுக்க வேறெங்கும் நீங்கள் இல்லை. 'ஆய்வு நடந்த காலத்தில்' என்பதை விட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம் என்ற கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டார்கள். எடுத்துக்காட்டியவர்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சுருக்கத்தைப் பார்த்திருப்பார்கள், வேறு யாராவது போட்ட பட்டியலிலிருந்து தூக்கியிருப்பார்கள். எண்ணுவதற்குப் படிக்க வேண்டாம் என்று எனக்குச் சொன்ன மாதிரி, எடுத்துக்காட்டவும் படிக்க வேண்டாம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கூலிக்கு ஆழத்தில் இறங்குகிறவன் ஒருவன் நாளைக்கு வலிக்கிறது என்று போய் நின்றால், ஒன்றும் ஆகாது என்று சொல்ல உங்கள் இடுப்பைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷம் அந்தச் சைபரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்குப் பொய் சொல்லாமல் கிடந்திருக்கிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். படத்துக்கு முன்னால் வைத்த பிரதியும் அக்கா பக்கத்து வீட்டில் சொன்னதும் கண்ணுக்குள் வந்தன. இறங்கவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தக் கட்டுரையை அந்தக் குடியிருப்பில் யாரும் படிக்கப் போவதில்லை, சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும். நாலு நாள் அப்படியே ஓட்டினேன். நீங்கள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே, "என்னாடா மறைக்கற?" என்று கேட்டிருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேராகத் தேவனாம்பட்டினம் போனேன். அக்கா அதே இடத்தில், அதே வேலையில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நான் படிக்காமல் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் நெத்திலியைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"அவுங்க எழுதுனதத் தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன்.

"மொதல்ல டாக்டருங்க எழுதுனதச் சொல்லு." அதையும் சொன்னேன், கடைசி வாக்கியம் வரைக்கும்.

கேட்டு முடித்ததும், "அப்பவும் அப்பிடித்தான்டா" என்றார். "அந்த வாத்துக் கொரல்ல போன் பண்ணாரே, நான் திட்டி வெச்சிட்டேன்னு சிரிப்பாரே. வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாரு. நல்லாருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்லன்னாரு. யாரு கேட்டாலும் அதான் சொல்வாரு. அத அப்பிடியே எழுதிக்கிட்டாங்க போல."

பிறகு என் கையிலிருந்த பிரதியை வாங்கி, உங்கள் எண் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அப்போதுதான் இரண்டாவது தடவையாக அந்த விரல் தாளில் பதிந்தது.

"நீ எழுது. பாதிய வுட்டுட்டீங்கன்னு எழுது. காலு இப்பிடி ஆச்சின்னும் எழுது."

"ஒருத்தர் காலு போனத வெச்சி அவுங்க ஒத்துக்க மாட்டாங்க அக்கா. எதுனால வந்துச்சின்னு மாமாவுக்கே தெரியாது."

"தெரியாதுன்னே எழுதேன். ஒண்ணும் ஆவலன்னு மட்டும் இருக்கக் கூடாது."

பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. படத்துக்கு முன்னாலிருந்த பிரதியை எடுத்தாரா என்று நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. வரும்போது ஒரு பொட்டலம் நெத்திலி கட்டிக் கொடுத்தார். அதையும் இந்தத் தாள்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்த புத்திசாலி நான்.

எழுதிக்கொண்டிருக்கிறேன், மாமா. அந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு சிறு குறிப்பு. மூலக் கட்டுரையின் கடைசி வாக்கியத்தை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதன் கீழே, அந்த ஆய்வில் பங்கெடுத்த ஒருவருக்குப் பிற்காலத்தில் இடுப்பெலும்பு கெட்டது, காரணம் உறுதியாகத் தெரியவில்லை, ஏனையோர் பலரைப் பற்றித் தகவலே இல்லை என்று எழுதியிருக்கிறேன். கூட்டிச் சொல்லவில்லை. காக்கிநாடா தடியைக் குறிப்பிட்டேன், கேரளத்து ஆட்டத்தையும் குறிப்பிட்டேன். நீங்கள் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பீர்கள். முக்குளிப்பு மருத்துவர்கள் படிக்கும் இதழில் சிதம்பரத்து நூலகன் எழுதியதைப் போடுவார்களா என்பது சந்தேகம்தான். போட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒருவேளை போட்டால், குறிப்பின் அடியில் உங்கள் கட்டுரையை நான் சுட்டியாக வேண்டும். முறை அது. அப்போது மேற்கோள் எண்ணிக்கை இரண்டாகும். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு ஒன்று, அதை யாரும் பார்க்கவே இல்லை என்பதற்கு ஒன்று. இயந்திரம் இரண்டையும் கூட்டிப் போட்டுவிடும். என்னைப் போல ஒருவன் எங்கோ ஒரு துறையில் உட்கார்ந்து, படையின் ஆராய்ச்சிக்குக் கிடைத்த மதிப்பில் அந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவான்.

இப்போதும் மாதம் பிறந்தால் கை தானாக அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. திறந்ததும் உங்கள் குரல் கேட்கிறது. ஏதாச்சும் வந்துச்சா மச்சான்?

வந்துச்சு மாமா. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலையாம்.